கோடாலியின் பக்கம்

வெள்ளிக்கிழமை காலை, கடலோர ஊரான ஷிபெனிக்கின் மீன் சந்தையில் டோன்கா ஒரு கை மத்தியைக் கூடுதலாக அள்ளிப் போட்டாள். யெர்கோ மட்டோஷின் தராசைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வருடக்கணக்காக அவளிடம்தான் மீன் வாங்குகிறார். ஒரு மீன் தலையைக்கூட அவள் சும்மா போட்டதில்லை.

"இருக்கட்டும் அண்ணே," என்றாள் டோன்கா. "அந்த ஓசியெக் ஊர்ப் பொண்ணுக்கு நீங்க எழுதியிருந்தீங்களே, எங்க அக்கா அதைப் படிச்சுட்டு ஒரே அழுகை. உங்களுக்குள்ள இப்படி ஒரு மனுஷன் இருக்கான்னு யாருக்குத் தெரியும்."

யெர்கோ எந்தப் பெண்ணுக்கும் எதுவும் எழுதியதில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூட அவருக்கும் சேர்த்து மனைவிதான் கையெழுத்துப் போடுவாள். சந்தை இரைச்சலில் வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறாள் என்று எண்ணிக்கொண்டு பையை வாங்கிக்கொண்டு நடந்தார். துறைமுகத்தை ஒட்டிய காப்பிக்கடை வாசலில் இரண்டு இளைஞர்கள் எழுந்து நின்று, "கோடாலி அண்ணே, ஒரு படம்" என்று ஆளுக்கொரு பக்கம் தோளில் கை போட்டார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்பே அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார். அவருடைய ஆட்டத்தைப் பார்த்த யாரும் அவர் தோளில் கை போட நினைக்க மாட்டார்கள்.

கால்பந்தில் பதினாறு பருவங்கள் நடுத் தற்காப்பில் நின்றவர் யெர்கோ. சொந்த ஊர் ரசிகர்கள் செல்லமாகவும் வெளியூர் ரசிகர்கள் வயிற்றெரிச்சலோடும் வைத்த பெயர் கோடாலி. எதிரணி ஆட்டக்காரர்கள் அவரைக் கடந்து போவதைவிடச் சுற்றிப் போவதே மேல் என்று நினைத்த காலம் அது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு சிறு படகு, ஒரு துண்டு ஒலிவத் தோட்டம், மாலையில் பைன் மரத்தடியில் உருண்டை வீசும் ஆட்டம் என்று இருந்தார். பட்டன் வைத்த பழைய கைப்பேசி போதும் அவருக்கு. அதிலும் பாதி நேரம் சார்ஜ் இருக்காது.

வீட்டில் மனைவி தன்கா மீனைக் கழுவிக்கொண்டே நடந்ததைக் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை. ஈரக்கையைத் துடைத்துவிட்டு, டப்ளினில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதில் இளமையான யெர்கோ மழைச் சேற்றில் சறுக்கிக்கொண்டிருந்தார். மேலே 'கோடாலி மட்டோஷின்' என்று பக்கத்தின் பெயர். கீழே லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்கள்.

தனக்கு மாதக்கணக்காகத் தெரியும் என்று தன்கா சொன்னாள். யாரோ அவருடைய பழைய ஆட்டத் துணுக்குகளைப் போட்டு, அவர் பேசுவது போலவே எழுதுகிறார்கள். நாடு முழுக்கவும், பிழைக்கப் போன ஜெர்மனியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆட்கள் தங்கள் கஷ்டங்களைச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்த 'யெர்கோ' ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறார்.

"அது நான்னு நெனச்சியா?" என்றார் யெர்கோ.

"முதல் நாளே தெரியும் நீயில்லன்னு. அந்த ஆளு மன்னிப்புக் கேக்கிறான், நன்றி சொல்றான். உன்கூட முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவ எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சாயங்காலமானா நீ உருண்டை விளையாடப் போயிடுவ. எனக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு நல்ல யெர்கோ இருந்தான். அதை ஏன் கெடுத்துக்குவானேன்னு விட்டுட்டேன்."

ஓசியெக் பெண்ணுக்கு எழுதியதை அவள் படித்துக் காட்டினாள். மருத்துவப் படிப்பில் ஒரே தேர்வில் மறுபடி மறுபடி தோற்றவள் அந்தப் பெண். அவளுக்கான பதில் இப்படி இருந்தது: 'என்னை எத்தனையோ தடவை மைதானத்தை விட்டு வெளியே அனுப்பியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே வாசல் வழியாத்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனேன். தடை முடிஞ்சதும் அதே வாசல் வழியாத்தான் வந்தேன். அந்த வாசலை யாரும் பூட்டுறதில்ல. போய் முகத்தைக் கழுவு.'

நன்றாகத்தான் இருந்தது. அதுவே யெர்கோவுக்கு எரிச்சலைக் கிளப்பியது. தன் முகத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன்னைவிட நல்லவனாக ஒருவன் ஊரெல்லாம் உலாவுகிறான். மகளிடம் சொல்லி இன்றைக்கே அந்தப் பக்கத்தை மூடச் சொல் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மாலையில் வடகிழக்குக் காற்று சற்று ஓய்ந்திருந்தது. பைன் மரத்தடியில் உருண்டையைக் கையில் எடுத்து அவர் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து வேலிக்கு வெளியே நின்றாள். முப்பது வயது இருக்கும். அவர் வீசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு பக்கத்தில் வந்தாள்.

"மாமா, நான் மிர்னா. டின்கோ ராடாஷோட மகள்."

யெர்கோவின் கையிலிருந்த அடுத்த உருண்டை கனத்தது.

தொண்ணூறுகளின் போர் முடிந்த மறு வருடம் நடந்தது அது. டின்கோ ராடாஷ் அப்போது நாட்டிலேயே வேகமான முன்கள ஆட்டக்காரன். கோடையில் இத்தாலிக்குப் போகவிருந்தான். மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை யெர்கோ சறுக்கிப் பாய்ந்து அவன் காலில் மோதினார். எலும்பு முறிந்த சத்தம் பார்வையாளர் மேடை வரைக்கும் கேட்டது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. சிவப்பு அட்டை, நீண்ட தடை, பல மாதம் ஓயாத வாக்குவாதம். பந்தைத்தான் முதலில் தொட்டேன் என்று யெர்கோ சொன்னார். எதிர்ப்பக்கத்து மேடையிலிருந்து எடுத்த படத்தில் ஆட்டக்காரர்களின் முதுகும் மழையும் மறைத்துக்கொண்டதால் யாராலும் இல்லை என்று நிரூபிக்க முடியவில்லை. டின்கோ அதற்குப் பிறகு பழையபடி ஓடவேயில்லை. பக்கத்துக் கடலோர ஊரான பியோகிராடில் தரை ஓடு விற்கும் கடை வைத்தான் என்று கேள்விப்பட்டிருந்தார். அந்த ஊர் வழியாகப் போக நேர்ந்தால் கடற்கரைச் சாலையை விட்டு நெடுஞ்சாலையில் போய்விடுவார்.

திட்ட வந்திருக்கிறாள் என்றுதான் யெர்கோ நினைத்தார். மிர்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜனவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று என்று சொன்னாள். பியோகிராடு மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார், எழுந்து நிற்க மறுக்கிறார். போன வாரம் ஒரு செவிலி தன் கைப்பேசியில் கோடாலி பக்கத்தைக் காட்டியிருக்கிறாள். அந்தப் பழைய சறுக்கலே அதில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, நோய் வந்த பிறகு முதல்முறையாக அப்பா சிரித்தார். பிறகு ஒரு சொல் பேசினார்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார் யெர்கோ.

"அது கெட்ட வார்த்தை மாமா. உங்களைத்தான். அதுக்கப்புறம், 'வரச் சொல்லு'ன்னாரு. நான் உங்க பக்கத்துல எழுதினேன். ஞாயித்துக்கிழமை வரேன்னு நீங்க பதில் போட்டதும் எனக்கு நம்பவே முடியல. அதான் நேர்ல பார்த்து நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தார் யெர்கோ. அவள் முகத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அந்தத் துணுக்கைப் போடச் சொன்னார். அவள் அந்தப் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கும் முன்பே போட்டது அது; தன்கா கீழே கீழே போய்த் தேடி எடுத்தாள். மழை, முதுகுகள், சேறு, சறுக்கல். கீழே ஒரே வரி: 'இதை எத்தனையோ தடவை பார்த்துட்டேன். ஒரு தடவைகூடப் பந்து அங்க இல்ல.'

தன்கா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். அந்தக் காலத்தில் ரொட்டிக்கடையிலும் தேவாலய வாசலிலும் அவருக்காகச் சண்டை போட்டவள் அவள். சொந்தத் தம்பியோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தாள்.

"யெர்கோ, பந்து அங்க இருந்துச்சா, இல்லையா?"

அவர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அவள் மறுபடி கேட்கவில்லை. எழுந்து போய் அடுப்பில் காப்பி வைத்தாள். அது பொங்கி வழிந்தபோதுதான் திரும்பினாள்.

"இது வெளியாளுக்குத் தெரிஞ்சிருக்க முடியாது," என்றாள். "உனக்குத் தெரியும். டின்கோவுக்குத் தெரியும். வேற யாரு பக்கத்துல நின்னா?"

"ஹலாம்பெக்," என்றார் யெர்கோ.

ருடோல்ஃப் ஹலாம்பெக் அந்த ஆட்டத்தின் நடுவர். மெலிந்து நெடுநெடுவென்று இருப்பார். நில அளவைத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் விசில் ஊதியவர். யெர்கோவை அவர் அளவுக்கு வெளியே அனுப்பிய நடுவர் வேறு யாரும் கிடையாது. தன்கா அந்தப் பக்கத்துக்கே நேராக ஒரு செய்தி அனுப்பினாள்: நான் யெர்கோவின் மனைவி, நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. காப்பி ஆறுவதற்குள் பதில் வந்தது. ஸாடாரில் ஒரு முகவரி, எந்த மணியை அடிக்க வேண்டும் என்ற குறிப்பு, அதற்குக் கீழே 'மன்னிக்கவும்' என்று ஒரு வார்த்தை.

மறுநாள் யெர்கோ தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டார். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. ஹலாம்பெக் சமையல் ஏப்ரனோடு நின்றார். தலையில் ஒரு முடி இல்லை. முன்பைவிடக் கூன் விழுந்திருந்தது.

"உள்ள வாங்க, மட்டோஷின். நீங்க கத்தாம என் முன்னால நிக்கிறது இதுதான் முதல் தடவை."

"யோவ், கத்தத்தான் வந்தேன். மூச்சு வாங்குது. நாலு மாடி ஏறியிருக்கேன்."

ஹலாம்பெக் நாற்காலியை இழுத்துப் போட்டார். மனைவி போன பிறகு பொழுது போகவில்லை என்றார். ஒரு நாள் அந்தச் சறுக்கலைப் பற்றி விதிமுறை விளக்கம் எழுதலாம் என்று துணுக்கைப் போட்டிருக்கிறார். பக்கத்துக்குக் கோடாலி என்று பெயர் வைத்தது ஒரு விளையாட்டுக்கு. பார்த்தவர்கள் யெர்கோவே எழுதுவதாக நினைத்துவிட்டார்கள். திருத்தலாம் என்று இருந்தபோது விங்கோவ்சியிலிருந்து ஒருவன் எழுதினான். வேலை போய், மனைவி போய், இனி இருந்து என்ன என்று கேட்டிருந்தான். அவனுக்கு உடனே பதில் தேவைப்பட்டது.

"உன் பேர்ல எழுத வேண்டியதுதானே?" என்றார் யெர்கோ.

"நடுவர் சொன்னா யாரு கேப்பாங்க? வாழ்நாள் பூரா சொன்னேன். நான் விசில் ஊதினா ஸ்டேடியமே சேர்ந்து எங்கம்மாவை இழுத்துத் திட்டும். அந்த ஆளுக்கு, அடி வாங்கியும் கொடுத்தும் பழகின ஒருத்தன் சொன்னாத்தான் ஏறும்னு தோணுச்சு. ஏறுச்சு. இப்ப வேலைக்குப் போறான்."

யெர்கோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல் தீவுப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"பந்து அங்க இல்லன்னு எழுதியிருக்கே. அதை நான் என் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல."

"தெரியும். அது நீங்க சொல்ல வேண்டியது. நான் எடுத்துச் சொல்லிட்டேன். அதுதான் நான் பண்ணின தப்பு. மத்ததுக்கு நான் வெக்கப்படல." ஹலாம்பெக் ஏப்ரனை அவிழ்த்து மடித்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதிவிட்டு யெர்கோவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்ததாகவும், பக்கத்தை இப்போதே அழித்துவிடுவதாகவும், ராடாஷின் மகளுக்குத் தானே எழுதி உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

அழிக்க வேண்டாம் என்றார் யெர்கோ. அதைச் சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. அழித்துவிட்டால் நாளைக்குப் பியோகிராடுக்குப் போகாமல் இருந்துவிடலாம். போகாமல் இருப்பதற்கு இத்தனை வருடம் அவருக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு நீயும் வர்றே," என்றார். "எழுதினவன் நீ. தனியா என்னால அந்த வாசலைத் தாண்ட முடியாது."

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனை வாசலில் மூவரும் சேர்ந்தார்கள். ஹலாம்பெக் ஸாடாரிலிருந்து பேருந்தில் வந்திருந்தார், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு. தன்கா அத்திப்பழக் கேக் சுட்டு எடுத்து வந்திருந்தாள். முந்தைய இரண்டு நாளும் கணவனோடு அவள் தேவைக்கு மேல் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது அவருடைய சட்டைக் காலரை அவள்தான் சரிசெய்துவிட்டாள். என்ன பேசலாம் என்று ஹலாம்பெக் அழகாக இரண்டு வாக்கியம் யோசித்து வைத்திருந்தார். அதை மனப்பாடம் பண்ணிக்கொள்ளச் சொன்னபோது, வாயை மூடிக்கொண்டு வா என்று யெர்கோ சொல்லிவிட்டார்.

பயிற்சிக்கூடம் கடலைப் பார்த்து இருந்தது. டின்கோ ராடாஷ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது. அந்தக் காலத்துச் சுருட்டை முடி வெளுத்திருந்தது, கண் மட்டும் மாறவில்லை. பந்து எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்த கண். மிர்னா பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்திருந்தாள்.

யெர்கோ அவனுக்கு எதிரே போய் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"டின்கோ, பந்து அங்க இல்ல," என்றார். "அப்பவே எனக்குத் தெரியும். உன்னைப் பிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் கால்ல போனேன். அப்புறம் எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். உன்னை வந்து பார்க்கவும் எனக்கு தைரியம் இல்ல."

எழுத்தில் படித்ததை அவர் வாயாலேயே கேட்டபோதுதான், அப்பாவின் கால் போனது விபத்தல்ல என்று மிர்னாவுக்கு உறைத்தது. நாற்காலியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. டின்கோவின் வாய் ஒரு பக்கமாகக் கோணி, வார்த்தையைத் தேடியது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தெ... ரியும்," என்றான் டின்கோ. "நா... னும்... அங்கதான... இருந்தேன்."

பிறகு அவன் பார்வை யெர்கோவின் தோளுக்குப் பின்னால் போயிற்று. கோட்டும் டையுமாக நின்ற நெட்டை உருவத்தை அடையாளம் கண்டுகொண்டான்.

"இவனை... எதுக்குடா... கூட்டிட்டு வந்த?"

தன்காதான் முதலில் சிரித்தாள். டின்கோவின் தோள்களும் குலுங்க ஆரம்பித்தன. அதில் சிரிப்பு எவ்வளவு, அழுகை எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. மிர்னா கைக்குட்டையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அவன் தலையை உதறி அவளை விலக்கிவிட்டு, மூலையில் பயிற்சிக்காக வைத்திருந்த மென்மையான மஞ்சள் பந்தை இடக்கையால் சுட்டினான்.

"என்... ஃப்ரீ கிக்," என்றான். "அன்னிக்கு... வேற எவனோ... அடிச்சான்."

பயிற்சி கொடுக்கும் பெண் ஓடி வந்தாள். எத்தனை நாளாகக் கெஞ்சியும் நிற்காதவர் இவர், இப்போது விட்டுவிடக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பக்கமும் கம்பி போட்ட பாதைக்கு அவனைக் கொண்டுபோனாள். இடக்கையால் கம்பியைப் பிடித்து, அவள் இடுப்பைத் தாங்க, டின்கோ எழுந்தான். முட்டி நடுங்கியது. நின்றான். ஹலாம்பெக் பந்தைத் தரையில் வைத்து, தடுப்பவர் நிற்க வேண்டிய தூரத்தை அங்கிருந்து அடியெடுத்து அளந்தார். சுவர் இடித்ததும், விதிப்படி தூரம் போதாது, ஆனால் அனுமதிக்கிறேன் என்று மிகுந்த கவனத்தோடு அறிவித்தார். யெர்கோ சுவரை ஒட்டி, கைகள் இரண்டையும் இடுப்புக்குக் கீழே கோத்துக்கொண்டு, ஒற்றை ஆளாகத் தடுப்புச் சுவராக நின்றார்.

முதல் முறை கால் நகரவில்லை. இரண்டாவது முறை பாதம் தரையை இழுத்துக்கொண்டு பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. டின்கோவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. போதும், உட்காரலாம் என்றாள் பயிற்சிப் பெண். மாட்டேன் என்று தலையாட்டினான். அவன் உதைக்க முயன்றது வலது கால். பக்கவாதம் இழுத்ததும், யெர்கோ முறித்ததும் அதே கால்தான். மறுபடி முயன்றான். பாதத்தின் ஓரம் பந்தில் பட்டது. பந்து மெல்ல உருண்டு, வழியில் ஒருமுறை நின்றுவிடுமோ என்று எல்லோரையும் பயமுறுத்தி, யெர்கோவின் ஷூவில் வந்து மோதியது.

"நேரா ஆள் மேலயே அடிச்சுட்டியேடா," என்றார் யெர்கோ. குனிந்து பந்தைக் கையில் எடுத்தார்.

"அடுத்த... வாரம்," என்றான் டின்கோ.

அடுத்த வாரமும் போனார்கள், அதற்கடுத்த வாரமும். நடுவில் ஒருநாள் யெர்கோவும் ஹலாம்பெக்கும் அருகருகே உட்கார, தன்கா டேப்லெட்டைப் பிடித்து வீடியோ எடுத்தாள். இதுவரை நீங்கள் படித்ததெல்லாம் இந்த நடுவர் எழுதியது, எனக்கு இப்படியெல்லாம் பேச வராது, பந்து மட்டும் உண்மையாகவே அங்கே இல்லை என்று யெர்கோ சொன்னார். பலருக்குக் கோபம் வந்தது. ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதிவிட்டு ஆயிரக்கணக்கானோர் விலகினார்கள். சில பழைய ரசிகர்கள், கோடாலி குனிந்துவிட்டது என்று திட்டினார்கள். விங்கோவ்சிக்காரன் மட்டும், யார் எழுதினால் என்ன, நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்று எழுதினான். ஓசியெக் பெண் தேர்வில் தேறிவிட்டதாகச் சொன்னாள். பிறகு டின்கோ கம்பியைப் பிடித்துக்கொண்டு பந்தை உதைக்கும் வீடியோவைப் போட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வெட்டாமல் அப்படியே விட்டார்கள். போனவர்களைவிட அதிகம் பேர் வந்தார்கள்.

இப்போது வருபவர்களில் நிறையப் பேர் நோயாளிகள், அவர்களுடைய பிள்ளைகள். வழக்கம்போல் ஹலாம்பெக் பதில் எழுதினார், தன் பெயரிலேயே. மே மாத மாலை ஒன்றில் போஷெகாவிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் கேட்டிருந்தார்: பக்கவாதம் வந்து அரை வருடம் ஆகிறது, என் கை திரும்ப வருமா என்று. ஹலாம்பெக் தொலைபேசியில் அழைத்து, இதற்கு நான் என்ன எழுதட்டும் என்றார். நீ எழுதாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் யெர்கோ.

சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். தன்கா ஸ்விஸ் சார்டு கீரை நறுக்குவதை நிறுத்திவிட்டு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எழுத்துப்பிழையைக் காட்டினாள். அவர் திருத்தவில்லை.

'தெரியாது,' என்று எழுதியிருந்தார். 'டின்கோவுக்குக் கை இன்னும் வரல. கால் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை பியோகிராடுக்கு வாங்க. அவன்கிட்டயே கேளுங்க. பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுப்பான், காத்திருங்க.'

"இது நீதான்," என்றாள் தன்கா. "அனுப்பு."